விளக்கணைத்துக் கேட்ட கதைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

இம்மேடையில் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் அழைத்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். நாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில், கப்பலேறித் தாய்நிலம் செல்வோர்க்கு இரயில் பயணச் சீட்டு எழுதிக் கொடுக்கும் எளிய எழுத்தர் நாம். வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் பேசத்தக்க பெரியோர் இங்கே பலர் உளர். ஆகவே எம் தகுதிக்கு ஏற்ற பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். பழைய வானொலித் திகில் நாடகங்களே அப்பொருள்.

“ஆண்டு விழாவில் கொலையும் கொள்ளையுமா?” என்று சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். சற்றே பொறுத்தருள வேண்டும். இக்கதை பேயில் தொடங்கினாலும் தமிழில் முடியும்.

எமது இளமைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். ஆண்டு 1980-களின் பிற்பகுதி. மரத்தால் அமைந்து தகரம் வேய்ந்த வீடு. நான்கு பேட்டரிக் கட்டைகளில் உயிர்வாழும் ஒரு வானொலிப் பெட்டி. இரவு உணவு முடிந்ததும் அண்டை வீட்டார் ஐந்தாறு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு எம் வீட்டுக்கு வந்துவிடுவர். நாடகம் கேட்பதற்குக் கண் வேண்டியதில்லை. எனவே மண்ணெண்ணெயை வீணாக்குவானேன் என்று எம் அன்னையார் விளக்கை அணைத்துவிடுவார். சிக்கனத்திற்காகச் செய்த அக்காரியம் திகிலுக்கு எவ்வளவு துணை செய்தது என்பதை அவர் அறியார்!

அன்றைய நாடகத்தில், செல்வர் ஒருவர் தம் மாளிகையில் கொலையுண்டு கிடக்கிறார். துப்பறிவாளர் எல்லாரையும் ஒரே கூடத்தில் நிறுத்தி, ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு, “இவரைக் கொன்றவர் வேறு யாருமல்லர்...” என்று குரலைத் தாழ்த்துகிறார். அந்தக் கணத்தில் பெட்டிக்குள்ளிருந்து கடலலை போன்றதோர் இரைச்சல் எழுந்து, துப்பறிவாளரையும் கொலைஞனையும் ஒருங்கே விழுங்கிவிட்டது. எம் தந்தையார் திருகைத் திருப்பினார், பெட்டியைத் தட்டினார், வாசலுக்கு எடுத்துச் சென்றும் பார்த்தார். பயனில்லை.

கூட்டம் வருந்தியது. அப்போது தந்தையார் அமைதியாக, “கவலை வேண்டாம், இந்த நாடகத்தை நான் முன்னமே ஒருமுறை கேட்டிருக்கிறேன்” என்று கூறி, கொலை செய்தவர் குடும்ப மருத்துவரே என்றும், இருமல் மருந்துப் புட்டியின் மூடி மாறியிருந்ததே அதற்குச் சான்று என்றும் முடிவை விரித்துரைத்தார். அனைவரும் மனநிறைவோடு வீடு திரும்பினர்.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நாள் அன்னையாரிடம் அந்த நாடகத்தைப் பற்றிப் பேச நேர்ந்தது. அவர் சிரித்துவிட்டு, “அவருக்கு அந்த முடிவு எங்கே தெரியும், ஐயா? வந்தவர்கள் ஏமாந்து போகக்கூடாதே என்று அவராகக் கட்டிச் சொன்னது” என்றார். ஒரு நாள் மட்டுமன்று; அலை தாழ்ந்து போன எத்தனையோ இரவுகளில் அவர் அவ்வாறே செய்தாராம். இருட்டில் அமர்ந்து அவர் கட்டிய முடிவுகளையே வானொலியின் முடிவுகளென்று நாம் இத்தனை காலமும் நம்பி வந்தோம்.

அலை ஏன் அவ்வாறு தாழ்ந்தது? பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை பரவி நிற்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியே சிற்றலை தொலைதூரம் செல்கிறது. அந்த மண்டலமோ ஒரு நிலையில் நில்லாது. வெவ்வேறு வழியாக வந்து சேரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும்போது குரல் ஓங்குகிறது. ஒன்றையொன்று அழிக்கும்போது குரல் மங்குகிறது. மத்திய அலையும் பகலில் அருகிலேயே நின்றுவிட்டு, இரவில் தொலைவு செல்லும். பகலில் அதனை உறிஞ்சிக்கொள்ளும் கீழ்ப்படலம் கதிரவன் மறைந்ததும் கலைந்துவிடுவதே காரணம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடந்து தமிழ்க் குரல் நமக்கு இரவில்தான் வந்தது என்றால், அது திகில் நாடகத்திற்கென்றே இயற்கை செய்த ஏற்பாடு போலும்!

இனி, இக்கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இங்கிலாந்தில் வானொலிக்கென்றே எழுதப்பெற்ற முதல் நாடகம் எனக் கருதப்படுவது, ரிச்சர்ட் ஹியூஸ் என்பவர் இயற்றி 1924 ஜனவரி 15-இல் பி.பி.சி. ஒலிபரப்பிய ‘டேஞ்சர்’ என்னும் நாடகமாகும். நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்வையிடச் சென்ற மூவர் அங்கே அகப்பட்டுக்கொள்கின்றனர். விளக்குகள் அணைந்துவிடுகின்றன; வெள்ளம் ஏறுகிறது. காட்சியே இல்லாத கலைக்கு இருட்டையே களமாக்கிய அவருடைய நுண்ணறிவை என்னென்பது! கேட்பவரும் இருட்டில்; கதை மாந்தரும் இருட்டில். வானொலி நாடகம் பிறந்த காலத்திலேயே திகிலோடு பிறந்தது என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்காவில் 1938 அக்டோபர் 30-ஆம் நாள், எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கோளத்தார் படையெடுப்புக் கதையை, ஆர்சன் வெல்ஸ் என்னும் இளைஞர் செய்தி அறிவிப்புப் போலவே அமைத்து ஒலிபரப்பினார். நாடு முழுவதும் மக்கள் வீட்டைவிட்டு ஓடினர் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பீதி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயினும், சிலரேனும் உண்மையென்று நம்பி நடுங்கினர் என்பதே குரலின் வலிமைக்குப் போதிய சான்றாகும்.

1942 முதல் 1962 வரை இருபது ஆண்டுகள் அந்நாட்டில் நடைபெற்ற ‘சஸ்பென்ஸ்’ என்னும் தொடரில், 1943 மே 25-இல் லூசில் பிளெச்சர் எழுதிய நாடகம் ஒன்று ஒலிபரப்பாயிற்று. நோயாளியான பெண்மணி ஒருத்தி வீட்டில் தனியே படுத்திருக்கிறாள். தொலைபேசி இணைப்பு தவறிப் போனதால், இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. கொலையுறப் போகிறவள் தானே என்பது மெல்ல மெல்ல அவளுக்குப் புலனாகிறது. ஆக்னஸ் மூர்ஹெட் என்னும் நடிகையின் குரல் ஒன்றே நாடகம் முழுவதையும் தாங்கி நின்றது. மக்கள் வேண்டுகோளால் அந்நாடகம் பலமுறை மீண்டும் நடத்தப்பெற்று, 1948-இல் திரைப்படமும் ஆயிற்று.

மேரி அரசியாரின் எண்பதாம் பிறந்தநாளை முன்னிட்டு, 1947-இல் அகதா கிறிஸ்டி அம்மையார் பி.பி.சி.க்கு எழுதிக் கொடுத்த அரைமணி நேர நாடகமே பின்னர் ‘மவுஸ் டிராப்’ என விரிந்து, 1952-இல் லண்டன் அரங்கேறியது. பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் தடைப்பட்டு, எழுபது ஆண்டுகளைக் கடந்தும் அது நடைபெற்று வருகிறது. அந்நெடிய ஓட்டமும் ஒலிபெருக்கியின் முன் தொடங்கியதே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை வானொலி நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. அந்நாள் தொட்டு நாடகம் தமிழ் வானொலியின் கண்ணாக விளங்கியது. இலங்கை வானொலியிலோ, சானா என்று அழைக்கப்பெற்ற சண்முகநாதன் அவர்களின் ‘லண்டன் கந்தையா’வும், இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ நாடகமும் ஈழத்து மக்களின் பேச்சுத் தமிழை வீடுதோறும் கொண்டு சென்றன. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தமிழகத்திலும் உறவினர் குரல்கள் போலாயின. இத்தீவினராகிய நமக்கு விவித் பாரதியின் இந்தித் தொடரான ‘இன்ஸ்பெக்டர் ஈகிள்’ துப்பறியும் நாடகமும் நினைவிருக்கும். எம் தெருவில் வங்காளியரும் மலையாளியரும் தெலுங்கரும் தமிழரும் ஒன்றாய்க் கூடி அதனைக் கேட்டதுண்டு.

அச்சில் துப்பறியும் கதை நமக்குப் புதிதன்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் தொடங்கி, தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த் வரை நீண்டதொரு மரபு இருக்கிறது. காதால் கதை கேட்பதும் நம் பழைய வழக்கமே. வில்லுப்பாட்டு கேட்ட காது, திரைப்படத்தையே ‘ஒலிச்சித்திரம்’ என்று வானொலியில் கேட்டது. 1984-இல் வெளிவந்த ‘விதி’ திரைப்படத்தின் உரையாடல் தேநீர்க் கடைகள்தோறும் ஒலிநாடாவில் முழங்கியதை நம்மில் பலர் அறிவர். படம் பார்த்தவரும் மீண்டும் நின்று கேட்டனர்.

இந்த மாயத்தை எதைக்கொண்டு செய்தார்கள் என்று பார்த்தால் வியப்பே மிகும். குதிரைக் குளம்படிக்கு இரண்டு கொட்டாங்கச்சிகள். இடிக்கு ஒரு தகரத் தகடு. மழைக்கு முறத்தில் உருட்டிய உலர்ந்த பட்டாணி. தீப் பற்றி எரிவதற்குக் கையில் கசக்கிய கண்ணாடித் தாள். அமெரிக்கத் தொடரொன்று, கதவு ‘கிறீச்’ என்று திறக்கும் ஓசை ஒன்றினாலேயே பத்தாண்டுக் காலம் புகழ் பெற்றிருந்தது. எல்லாவற்றினும் பெரிய கருவி மௌனமே. “யாரது?” என்று ஒருத்தி கேட்டபின் மூன்று வினாடிகள் ஒன்றும் ஒலிக்காமல் விட்டால், அந்த மூன்று வினாடிகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பேய் வந்து நிற்கும்.

இத்தீவிற் பிறந்த நாம் இரயிலை முதன்முதல் அறிந்தது கண்ணால் அன்று, காதாலேயே. நாடகத்தில் ஊதலும், இருப்புப்பாதைச் சந்துகளின் தாளமும் கேட்டு, அது மலைபோன்ற ஒரு பெரும் பிராணி என்று எண்ணியிருந்தோம். பதினாறாம் வயதில் சென்னையில் மெய்யான இரயிலைக் கண்டபோது, நாம் கேட்ட இரயில் இதனினும் பெரியது என்றே தோன்றிற்று. இன்று அதே இருப்புப்பாதையின் சோற்றையே உண்கிறோம். எனினும் அந்த முதல் இரயில் இன்னும் எம் செவிக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆயின், தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தபின்னும் இந்நாடகங்களின் கவர்ச்சி குன்றாமைக்குக் காரணம் யாது? அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒலிப்பதிவுகளை இன்றும் மக்கள் தேடிக் கேட்கின்றனர். புதியனவும் பாட்காஸ்ட் என்ற பெயரில் வந்துகொண்டிருக்கின்றன. காரணம் ஒன்றே. பார்ப்பவனுக்குப் பிறர் சமைத்து வைக்கின்றனர். கேட்பவனோ தானும் அடுப்படியில் நிற்கிறான். கொலைஞனின் முகத்தை நாடகாசிரியர் நமக்குக் காட்டுவதில்லை. நாமே வரைந்துகொள்கிறோம். நமக்கு எது அச்சமோ அதையே வரைகிறோம். பாதிக் கதையை எழுதியவர் ஆசிரியர். மீதியை எழுதியவர் கேட்பவர். எம் தந்தையார் வாய்விட்டுச் செய்ததைக் கேட்போர் அனைவரும் மனத்துக்குள் செய்கின்றனர்.

இதிலிருந்து மற்றோர் உண்மை பிறக்கிறது. இன்று நாம் சொல்ல வந்ததும் அதுவே. காட்சிக்குக் கண் போதும். ஒலி நாடகத்திற்கோ மொழி வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு பெருங்காற்றால் மின்சாரம் நின்றது. எம் மைந்தன் பன்னிரண்டு வயதினன். தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் நாம் தமிழில் வினவினால் இந்தியில் விடை. தமிழ்த் திரைப்படம் பார்ப்பான். சண்டையும் ஆட்டமும் விளங்குவதால் சொல் விளங்காத குறை அவனுக்குத் தெரிவதில்லை. எமக்கும் தெரியாமலே இருந்தது. அன்று பொழுது போகாமையால், கைப்பேசியிற் சேமித்து வைத்திருந்த பழைய தமிழ் வானொலி நாடகம் ஒன்றை இருட்டில் ஒலிக்க விட்டோம். சற்று நேரத்தில் அவன் எம் கையைப் பற்றிக்கொண்டான்.

“அப்பா, தாழ்ப்பாள் என்றால் என்ன?”

நாம் திடுக்கிட்டோம். தாழ்ப்பாள் என்னும் சொல் எம் பிள்ளைக்குத் தெரியாது! நாள்தோறும் இருவேளை அதனைப் போட்டுத் திறக்கிறான். அதன் தமிழ்ப் பெயர் அவனை எட்டவில்லை. குற்றம் அவனுடையதன்று, எம்முடையதே. பொருளைச் சொன்னோம். அவன் சிறிது சிந்தித்துவிட்டு, “தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது என்றால், கொலை செய்தவன் வெளியே போகவில்லை. அவன் இன்னும் அறைக்குள்தான் இருக்கிறான்!” என்று தமிழிலேயே கூவினான். நாடகத்தின் முடிவும் அதுவாகவே இருந்தது. அன்றிரவு மின்சாரம் வரும்வரை அவன் கேட்டறிந்த சொற்கள் பதினொன்று. ஓராண்டுக் காலம் நாம் அரிச்சுவடியைக் காட்டி மிரட்டியும் நிகழாத ஒன்று, அரைமணி நேர நாடகத்தில் நிகழ்ந்தது. சொல் தெரியாவிட்டால் கொலைஞன் தப்பிவிடுவான் என்பதைவிட மேலான தூண்டுகோல் சிறுவர்க்கு வேறென்ன வேண்டும்?

“குழந்தைகளுக்கு அச்சமூட்டலாமா?” என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மூடநம்பிக்கையை வளர்க்கும் பேய்க் கதைகளையும் குரூரத்தையே சுவையாகக் காட்டும் கதைகளையும் நாமும் வேண்டோம். ஆனால் நல்ல துப்பறியும் நாடகம் அச்சத்தில் தொடங்கி அறிவில் முடிகிறது. இருட்டு இறுதியில் விலகுகிறது, குற்றவாளி அகப்படுகிறான். பக்கத்தில் தாய் தந்தையர் அமர்ந்திருக்க, முடிவு உண்டென்று அறிந்து அஞ்சும் அச்சம் பிள்ளைக்குத் தீங்கு செய்யாது, துணிவையே தரும்.

முடிவில்லா அச்சம் எத்தகையது என்பதை நம் தீவு அறியும். 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் இங்கே இறங்கினர். 1943 ஜனவரியில், இத்தீவின் காவல் துறையில் முன்பு பணியாற்றிய டெனிஸ் மெக்கார்த்தி என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, கம்பியில்லாத் தந்திக் கருவியுடன் காட்டில் மறைந்திருந்து உளவறிந்தது. ஊருக்குள்ளோ, ஒற்றர் என்னும் ஐயம் ஒன்றே ஒருவர் உயிரைப் பறிக்கப் போதுமானதாயிருந்தது. டாக்டர் திவான் சிங் சிறையில் வதைக்கப்பட்டு 1944 ஜனவரியில் மாண்டார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் நாற்பத்துநான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கதவு தட்டப்படும் ஓசை அன்று நாடகமன்று. அக்காலத்தை அறிந்த முதியோர் இன்று மிகச் சிலரே. அவ்வரலாற்றைத் தக்க மரியாதையுடன் ஒரு குரல் நாடகமாக்கித் தமிழில் நம் பிள்ளைகளுக்கு வழங்குவார் யாரேனும் நம்மிடையே தோன்ற வேண்டும் என்பது எமது ஆசை.

ஆகவே சங்கத்தாருக்கு எளியதொரு விண்ணப்பம். திங்களுக்கு ஒருமுறை, ஒரு மாலைப் பொழுதில், இந்த மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஒரு தமிழ் நாடகம் கேட்போம். பின்னர் விளக்கை ஏற்றி, விளங்காத சொற்களைப் பிள்ளைகள் வினவட்டும். பெரியோர் விடை கூறட்டும். ஆறு திங்கள் சென்றபின் நாமே ஒரு நாடகம் எழுதுவோம். குரல் கொடுக்க நம் பாட்டிமார் இருக்கின்றனர். கொட்டாங்கச்சிக்குத் தீவில் பஞ்சமில்லை. அதனைத் தட்ட நம் சிறுவர் போட்டியிடுவர். ஒலிப்பதிவுக் கூடம் வேண்டுமென்பதில்லை, கைப்பேசியே போதும். பல மொழிகளில் நிகழ்ச்சி வழங்கும் நம் ஊர் வானொலி நிலையத்தை அணுகி ஓர் அரைமணி நேரம் வேண்டிப் பெறவும் முயலலாம்.

இதற்கு ஆகும் செலவு அற்பம். செய்யாமல் விட்டால் ஆகும் இழப்போ பெரிது. போர்ட் பிளேர் என்று நாம் அழைத்து வந்த இவ்வூர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிற்று. ஊர்ப்பெயர்கள் மாறும், பெட்டிகளும் கருவிகளும் மாறும். ஆனால் தாழ்ப்பாளுக்குத் தமிழ்ப் பெயர் தெரியாத பிள்ளைகள் நம் வீட்டில் வளர்ந்தால், நாளை அவர்களுக்கு நம் கதையைச் சொல்ல நமக்கு மொழியிராது.

அன்று அலை தாழ்ந்து குரல் மறைந்தபோது எம் தந்தையார் இருட்டிலிருந்து எழுந்துபோகவில்லை. விட்ட இடத்திலிருந்து தாமே தொடர்ந்து சொன்னார். நம் வீடுகளில் தமிழ்க் குரல் தாழ்ந்து வரும் இந்நாளில் நாமும் அவ்வாறே தொடர்ந்து சொல்வோமாக.